முட்டை குறைந்தால் முதலில் கொட்டகையை அளந்து பாருங்கள்

முட்டைக் கோழி வளர்க்கும் சிறு விவசாயிகளிடமிருந்து எங்களுக்கு அதிகமாக வரும் கேள்வி ஒன்றுதான். "முட்டை குறைந்துவிட்டது, என்ன டானிக் கொடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். கொட்டகையின் நீள அகலம் என்ன, உள்ளே எத்தனை கோழிகள் இருக்கின்றன என்று நாம் திருப்பிக் கேட்டால், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் பார்க்கிறார்கள். நிறைய சம்பந்தம் உண்டு. 100 கோழி, 200 கோழி, 500 கோழி என்று வைத்திருப்பவர்களின் கையிலிருந்து வீணாகப் போகும் பணத்தில் பெரும் பகுதி, இடநெருக்கடியால் வந்த குறையை மருந்துக் கடையில் தீர்க்கப் பார்ப்பதால் போகிறது என்பது என் திடமான கருத்து. தீவனத்துடன் சேர்க்கும் துணைச் சத்துக்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை எந்தக் கோழியின் வயிற்றுக்குப் போய்ச் சேருகின்றன என்பதே என் கேள்வி.

நாமக்கல் வட்டாரத்தைப் பார்த்து நம்மவர்கள் செய்யும் தப்புக் கணக்கு ஒன்று உண்டு. அங்கே கூண்டுகளில் ஒரு கோழிக்கு 65 முதல் 70 சதுர அங்குலம் என்ற அளவில் நெடுங்காலமாக வளர்த்து வந்திருக்கிறார்கள். ஒரு சதுர அடி என்பது 144 சதுர அங்குலம். அப்படியானால் கூண்டுக் கோழிக்குக் கிடைப்பது அரை சதுர அடிதான். "அரை சதுர அடியில் அங்கே நூற்றுக்குத் தொண்ணூறு முட்டை வருகிறதே, தரையில் வளர்க்கும் எனக்கு மட்டும் எதற்கு 2 சதுர அடி?" என்று ஒரு விவசாயி கேட்டால் அது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் "2 சதுர அடி கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவது எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களின் வழக்கமாகிவிட்டது. அதனால்தான் யாரும் கேட்பதில்லை.

பதில் இதுதான். கூண்டில் கோழியின் எச்சம் கம்பி வழியே கீழே போய்விடுகிறது. கோழி தன் எச்சத்தின்மேல் நிற்பதில்லை. ஒரு கூண்டில் மூன்று அல்லது நான்கு கோழிகள்தான். யார் பெரியவள், யார் சின்னவள் என்பது இரண்டு நாளில் முடிவாகிவிடும். தீவனத் தொட்டி கூண்டின் முன்பக்கம் முழுவதும் ஓடுகிறது. தண்ணீர் தலைக்கு அருகிலேயே கிடைக்கிறது. இட்ட முட்டை உருண்டு வெளியே வந்துவிடுகிறது. ஆழ்கூளக் கொட்டகையில் இவை எதுவுமே இல்லை. தீவனத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, முட்டையிடும் பெட்டி எல்லாம் அந்தத் தரையிலிருந்தே இடத்தை எடுத்துக்கொள்கின்றன. எச்சம் முழுவதும் கூளத்திலேயே விழுகிறது. ஒரு கோழி நாளொன்றுக்கு இடும் எச்சம் 100 கிராமுக்கு மேல் இருக்கும். அதில் முக்கால் பங்கு ஈரம். 200 கோழி என்றால் தினமும் 15 லிட்டர் தண்ணீரைக் கூளத்தில் தெளித்ததற்குச் சமம். கூளம் அந்த ஈரத்தை உறிஞ்சி, காற்றில் உலர்ந்து, மறுநாளைக்குத் தயாராக வேண்டும். அதற்குத்தான் அந்த 2 சதுர அடி. கோழி உட்காருவதற்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது.

கூண்டிலும் இந்த அளவு போதும் என்று உலகம் ஒப்புக்கொண்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வெறும் கம்பிக் கூண்டுகளை 2012 ஜனவரி முதல் அடியோடு தடை செய்துவிட்டார்கள். வசதிகள் அமைத்த கூண்டானாலும் ஒரு கோழிக்கு 750 சதுர செ.மீ., அதாவது ஏறத்தாழ 116 சதுர அங்குலம் வேண்டும் என்கிறார்கள். நம் வீட்டுக் கொட்டகைக்கு அந்தச் சட்டம் வராது. ஆனால் கூண்டு அளவைத் தரைக்குக் கொண்டுவர எந்த ஆதாரமும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கூட்டினால் கூடுவதுபோல் தெரியும் முட்டை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 அடி நீளம், 20 அடி அகலம் உள்ள கொட்டகை. 400 சதுர அடி. கோழிக்கு 2 சதுர அடி வீதம் 200 கோழிகள் விடலாம். உடல் பருத்த வண்ணக் கோழிகளானால் இரண்டரை சதுர அடி வேண்டும், 160 கோழிகள்தான். இதே கொட்டகையில் 300 கோழிகளை விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

200 கோழிகள் இருந்தபோது நூற்றுக்கு 75 வீதம் தினமும் 150 முட்டை வந்தது. 300 ஆனதும் நெரிசலில் 60 வீதமாக இறங்கிவிட்டது. இந்த வீதங்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் கொட்டகையின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். 60 வீதம் என்றாலும் 180 முட்டை வருகிறதே! கூடையைப் பார்ப்பவருக்கு 30 முட்டை இலாபமாகத்தான் தெரியும். இங்கேதான் ஏமாந்து போகிறோம். கோழி ஒன்றுக்கு நாளைக்கு 110 கிராம் தீவனம். 200 கோழிக்கு 22 கிலோ, 300 கோழிக்கு 33 கிலோ. முதல் 150 முட்டைக்கு முட்டை ஒன்றுக்கு 147 கிராம் தீவனம் செலவானது. கூடுதலாக வந்த 30 முட்டைக்கு 11 கிலோ, அதாவது முட்டை ஒன்றுக்கு 367 கிராம். உங்கள் ஊரில் தீவனம் என்ன விலை, முட்டை என்ன விலை என்று போட்டுப் பார்த்தால் அந்த 30 முட்டை யாருக்காக இடப்படுகிறது என்பது விளங்கும். கூடுதலாக வாங்கிய 100 விடைக்கோழிகளின் விலையும், நெரிசலில் கொத்துப்பட்டுச் சாகும் கோழிகளின் விலையும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

பெரிய பண்ணைக்காரர் சில சமயம் தெரிந்தே நெருக்கி வளர்க்கிறார். அவருக்குக் கூண்டுக்கும் கட்டடத்துக்கும் போட்ட முதல் பெரிது. அதைப் பல கோழிகள்மீது பங்கிட வேண்டியிருக்கிறது. தீவனத்தை அவரே அரைக்கிறார், மருத்துவர் கூப்பிட்டால் வருகிறார், ஒரு பைசா இரண்டு பைசா இலாபமானாலும் இலட்சக்கணக்கான முட்டைக்கு அது பெரிய தொகை. ஓலைக் கொட்டகையில் 200 கோழி வைத்து, மக்காச்சோளத்தை மூட்டைக் கணக்கில் வாங்குகிறவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அவரைவிட நமக்கு மலிவாகக் கிடைப்பது இடம் ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டால் வேறு என்ன இருக்கிறது?

இடம் என்று நான் சொல்வது தரையை மட்டுமல்ல. தொட்டியின் ஓரமும் இடம்தான். ஒரு கோழி நின்று தின்ன 4 அங்குல நீளம் வேண்டும். இரண்டு பக்கமும் கோழி நிற்கக்கூடிய 5 அடித் தொட்டியில் 120 அங்குலம் கிடைக்கிறது; 30 கோழிகள் நிற்கலாம். 200 கோழிக்கு இத்தகைய 7 தொட்டிகள் வேண்டும். வட்டமான தொங்கு தொட்டியானால் விளிம்பைக் கயிற்றால் அளந்து 3 அங்குலத்துக்கு ஒரு கோழி என்று வகுத்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கும் கொட்டகைகளில் தொட்டிகள் கோழி வாங்கிய முதல் ஆண்டில் எத்தனை இருந்தனவோ அத்தனைதான் இருக்கும். கோழி மட்டும் கூடியிருக்கும். முட்டையிடும் பெட்டி 5 கோழிக்கு ஒன்று. தண்ணீர்த் தொட்டியில் கோழிக்கு ஓர் அங்குலம்.

தொட்டி போதாதபோது நடப்பதைக் கவனியுங்கள். கோழிகளுக்குள் மேல் கீழ் வரிசை உண்டு. வலுத்தவை முதலில் வந்து மக்காச்சோளக் குருணையைப் பொறுக்கித் தின்றுவிடும். பின்னால் நிற்கும் சாதுக் கோழிகளுக்கு அடியில் தங்கிய தூள்தான் மிஞ்சும். அதுவும் சில நாள் மிஞ்சாது. வைட்டமின், தாது உப்பு, அமினோ அமிலம் எல்லாம் தூளாகக் கலக்கப்படுபவை. ஒரு கோழிக்குத் தானியம் அதிகமாகவும் சத்துத்தூள் குறைவாகவும், இன்னொன்றுக்குத் தூள் மட்டுமாகவும் போகிறது. அதாவது தாங்கள் விலை கொடுத்து வாங்கிக் கலந்த கலவை எந்தக் கோழிக்கும் முழுதாகப் போகவில்லை. இதற்குமேல் இன்னொரு பாட்டில் வாங்கித் தண்ணீரில் கலந்தால், தண்ணீர்த் தொட்டியிலும் அதே வரிசைதான்.

கால்சியம் பாட்டிலும் கிளிஞ்சலும்

இனி துணைச் சத்துக்களுக்கு வருவோம். இவற்றில் சிறு விவசாயியை அதிகம் ஏமாற்றுவது திரவக் கால்சியம்தான்.

முட்டை ஓட்டில் நூற்றுக்கு 94 பங்கு கால்சியம் கார்பனேட். ஒரு முட்டையோடு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் கோழியின் உடலை விட்டு வெளியே போகிறது. நாளைக்கு 150 முட்டை என்றால் 300 கிராம் கால்சியம். இப்போது அலமாரியில் இருக்கும் பாட்டிலை எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 100 மில்லியில் 3,000 மில்லிகிராம் கால்சியம் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண் பெரிதாகத்தான் தெரியும். 3,000 மில்லிகிராம் என்பது 3 கிராம். முழு லிட்டர் பாட்டிலையும் ஊற்றினால் 30 கிராம். ஒரு சொட்டும் வீணாகாமல் உடலில் சேர்ந்தாலும் அது 15 முட்டையின் ஓட்டுக்குத்தான் காணும். மீதி 135 முட்டைக்கு?

கால்சியம் தீவனத்தில்தான் இருந்தாக வேண்டும். முட்டைக் கோழித் தீவனத்தில் நூற்றுக்கு மூன்றரை முதல் 4 பங்கு கால்சியம் இருக்க வேண்டும். 22 கிலோ தீவனத்தில் மூன்றரை பங்கு என்றால் 770 கிராம். அதில் பாதியளவே குடலில் உறிஞ்சப்படுவதால் 300 கிராமுக்குச் சரியாகிவிடுகிறது. பிறகு ஏன் ஓடு மெலிகிறது? பல இடங்களில் காரணம் ஒன்றுதான். கம்பெனித் தீவனம் விலை அதிகம் என்று பாதிக்குப் பாதி நொய்யும் தவிடும் கலந்துவிடுகிறார்கள். நொய்யில் கால்சியம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. 770 கிராம் 385 ஆகிவிடும். உறிஞ்சப்படுவது 200 கிராமுக்கும் கீழே. குறையைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். சில நாள் கொடுக்கும். அதன்பின் ஓடு மெலியும், கால் தளரும், முட்டை நிற்கும். அந்த நேரத்தில்தான் பாட்டில் வீட்டுக்கு வருகிறது.

இந்தக் குறையை ஈடுகட்ட 200 கோழிக்கு நாளைக்கு ஒரு கிலோ கிளிஞ்சல் அல்லது சுண்ணாம்புக்கல் குருணை போதும். ஆனால் நொய் கலந்ததால் புரதமும் குறைந்திருக்கும். 17 பங்கு புரதமுள்ள தீவனத்தில் 8 பங்கு புரதமுள்ள நொய்யைச் சரிபாதி கலந்தால் 12½ பங்குதான். ஓடு கெட்டியாகும், முட்டை எண்ணிக்கை ஏறாது. ஆகவே சொந்தத் தானியம் வைத்திருப்பவர்கள், தானியத்துடன் கலப்பதற்கென்றே விற்கப்படும் அடர் கலவையை வாங்கி, மூட்டையில் சொல்லியிருக்கும் விகிதத்தில் கலக்க வேண்டும். முழுத் தீவனத்தை நீர்க்கச் செய்வது கூடாது.

கிளிஞ்சலை மாவாக அரைத்துப் போடுவதைவிடக் குருணையாகப் போடுவது நல்லது. ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில். அப்போது கோழி தின்பதில்லை. மாவு மாலைக்குள் குடலைக் கடந்துவிடும். இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள குருணை இரைப்பையில் தங்கி, இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். மாலை 4 மணி அளவில் தனித் தொட்டியில் வைத்தால் தேவைப்பட்ட கோழி தானே தேடித் தின்னும். அந்தத் தொட்டியையும் இரண்டு மூன்று இடங்களில் வைக்க வேண்டும். ஒரே மூலையில் வைத்தால் வலுத்தவை நின்றுகொள்ளும். முட்டைக்கு வராத விடைக்கோழிகளுக்கு மட்டும் இந்தத் தாராளம் வேண்டாம். 16 வாரத்துக்கு முன் அதிகக் கால்சியம் கொடுத்தால் சிறுநீரகம் கெடும்.

வைட்டமின் கலவையைப் பொறுத்தவரை, நம்பகமான முழுத் தீவனம் வாங்குகிறவர்களுக்குத் தனியாக எதுவும் தேவையில்லை. அதில் ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் அரைத்துக் கலப்பவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். அவர்களுக்கு டி-3 வைட்டமின் இல்லாவிட்டால் எத்தனை கிளிஞ்சல் போட்டாலும் உடலில் சேராது. மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தில் முதலில் குறைவது மெத்தியோனின் என்ற அமினோ அமிலம். அதையும் சேர்க்க வேண்டும். ஓராண்டுக்கு ஒரேயடியாக வாங்கி வைக்க வேண்டாம். ஓட்டுக் கூரையின் வெப்பத்தில் வைட்டமின் வீரியம் இழந்துவிடும். அசோலா நல்லதுதான், மஞ்சள் கருவுக்கு நிறம் கொடுக்கும். ஆனால் பச்சை அசோலாவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதை மறந்துவிட்டுத் தீவனத்தைப் பாதியாகக் குறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெயில் காலம் ஒன்றில்தான் டானிக் வகைகளுக்கு நான் ஓரளவு இடம் கொடுப்பேன். வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போனால் கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். வாயைத் திறந்து இளைக்கும். இளைக்கும்போது இரத்தத்தில் உள்ள கரியமில வாயு வெளியேறிவிடுவதால் ஓடு செய்யத் தேவையான கார்பனேட் குறைகிறது. சித்திரை வைகாசியில் ஓடு மெலிவதற்கு இதுவும் காரணம். வைட்டமின் சி, சோடா உப்பு, தாது உப்புக் கரைசல் ஆகியவை அப்போது உதவும். காலையிலும் மாலையிலும் வெயில் தணிந்த நேரத்தில் தீவனம் வைப்பதும், குளிர்ந்த தண்ணீரும் அவற்றைவிட அதிகம் உதவும். அந்தக் காலத்தில் நெருங்கி நிற்கும் கோழிகள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்கின்றன என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

ஒரு வகையை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்வேன். வளர்ச்சிக்கென்றும், முட்டை கூடுவதற்கென்றும் சொல்லி நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்துகளைத் தீவனத்தில் கலப்பது. கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தீவனத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்துவிட்டது. மனிதனுக்கு வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது. சீட்டில்லாத பொட்டலம் எதையும் வாங்காதீர்கள். முட்டையை நம் குழந்தைகளும் தின்கிறார்கள்.

ஏற்கெனவே நெருக்கடியில் இருப்பவர்கள்

கொட்டகையை நீட்டிக் கட்டுங்கள் என்று எழுதிவிடுவது எனக்குச் சுலபம். கையில் பணம் இருந்தால் கட்டியிருக்க மாட்டார்களா? டானிக் கடனுக்குக் கிடைக்கிறது. விற்பவர் வண்டியில் வாசலுக்கே வருகிறார். கீற்றும் மூங்கிலும் கடனுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே செலவில்லாத வழியை முதலில் சொல்கிறேன். முட்டையிடாத கோழிகளைக் கழித்துவிடுங்கள்.

இரவில் விளக்கைக் குறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பாருங்கள். கொண்டை சிவந்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் முட்டையிடும் கோழி. சுருங்கி வெளிறி, செதில் படிந்து இருந்தால் சந்தேகம். ஆசனவாய்க்கு அருகில் உள்ள இரண்டு இடுப்பு எலும்புகளுக்கு இடையே இரண்டு விரல் நுழைந்தால் முட்டையிடுகிறது. ஒரு விரலும் நுழையாவிட்டால் இடவில்லை. ஆசனவாய் அகன்று ஈரமாக இருப்பது நல்ல அடையாளம். சுருங்கி உலர்ந்திருப்பது கெட்ட அடையாளம். மஞ்சள் கால் கொண்ட இனங்களில் நன்றாக முட்டையிட்ட கோழியின் கால் வெளுத்திருக்கும். பளிச்சென்ற மஞ்சள் காலைப் பார்த்து "எவ்வளவு அழகு" என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அது தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும் கோழி. சந்தேகத்துக்குரியதற்கு ஒரு கயிறு கட்டி, பத்து நாள் கழித்து மறுபடி பாருங்கள். சாதுவாக இருப்பதால் தீவனம் கிடைக்காமல் நின்ற கோழியாக இருந்தால், இடம் கிடைத்ததும் கொண்டை சிவக்கத் தொடங்கும். 300 கோழியில் 40, 50 கழிந்தாலும் கூடையில் முட்டை குறையாது. தீவனச் செலவு மறுநாளே குறையும். கழித்த கோழிக்குக் கறி விலை கிடைக்கும். அந்தப் பணத்தில் இரண்டு தொட்டி வாங்கலாம்.

அடுத்தது கூளம். வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளி எடுங்கள். கொட்டகைக்குள் நுழைந்ததும் நின்றபடி முகர்ந்து பார்த்துவிட்டு "வாடை இல்லை" என்று சொல்லக் கூடாது. நம் மூக்கு ஐந்து அடி உயரத்தில் இருக்கிறது, கோழியின் மூக்கு அரை அடியில். குந்தி உட்கார்ந்து பாருங்கள். கண் எரிந்தால் கோழிக்கு இரவு பகலாக எரிகிறது என்று பொருள். அந்த அம்மோனியா வாடை தீரும்வரை எந்த டானிக்கும் முட்டையைக் கூட்டாது.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முட்டைக் கோழிக்குப் பகலும் விளக்கும் சேர்ந்து 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். ஐப்பசி முதல் தை வரை பகல் குறைவதால் முட்டை குறைவதைச் சத்துக் குறை என்று நினைத்து மருந்து வாங்குகிறார்கள். விடியற்காலையில் விளக்குப் போட்டாலே போதும்.

அடுத்த தொகுதிக்கு முன்பணம் கட்டப் போகும்போது கொட்டகையின் சதுர அடியைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். 400 சதுர அடிக்கு 200 விடைக்கோழி. வழியிலும் பிறகும் ஏற்படும் சேதத்துக்கு 10 சேர்த்து 210. "முந்நூறாக எடுத்தால் விலை குறைத்துத் தருகிறேன்" என்று அங்கே சொல்வார்கள். 210-க்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் முதல் மாதத்துக்கான கிளிஞ்சலையும் இன்னும் இரண்டு தீவனத் தொட்டிகளையும் கோழி வருவதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.